ஒரு மீட்டர், மூன்று அடுப்பு: மின் கட்டண உதவிக்கு வருமான வரம்பு வைக்குமுன்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் எரிசக்தித் துறைச் செயலர், கடலூர் மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் கடலூர் பகுதி அலுவலர்கள்.

ஐயா, அம்மையீர், வணக்கம்.

இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்ற சலுகை 2016 முதல் தமிழ்நாட்டில் எல்லா வீட்டு இணைப்புக்கும் உண்டு. மஞ்சக்குப்பத்து மாடி வீட்டுக்கும் அதே 100, தேவனாம்பட்டினத்து ஓட்டு வீட்டுக்கும் அதே 100. வசதி உள்ளவருக்கு இது எதற்கு, வருமானம் பார்த்துக் கொடுத்தால் மிச்சமாகிற பணத்தை இல்லாதவருக்குக் கூட்டிக் கொடுக்கலாமே என்ற பேச்சு அவ்வப்போது தலைதூக்குகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாங்கள் கடலூர், பண்ருட்டி பக்கம் உதவித்தொகை, மானியம், மின் இணைப்புக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர்கள். வரம்பே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்தக் கோலால் அளக்கிறோம் என்பதைச் சரிசெய்யாமல் வரம்பு வைத்தால், தள்ளப்படுவது வசதிக்காரர் அல்ல, ஒரே கூரையின் கீழ் நெருக்கிக்கொண்டு வாழ்கிறவர்கள்தான்.

இப்போது புழக்கத்தில் உள்ள கோல்களையே பாருங்கள். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு அது 72,000 ஆக இருந்தது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2,50,000. உஜ்வலா எரிவாயு இணைப்புக்கு முதலில் அடிப்படையாக இருந்த 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலோ, வீட்டில் யாராவது ஒருவர் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தாலே குடும்பம் முழுவதும் பட்டியலுக்கு வெளியே. சாதாரண சிலிண்டர் மானியத்துக்கு 2016 ஜனவரி முதல் வேறொரு கோடு: கணவன் அல்லது மனைவியின் வரி விதிப்புக்குரிய வருமானம் 10 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரே குடும்பம் ஒரு மேசையில் ஏழை, அடுத்த மேசையில் வசதி. மின்சாரத்துக்கு ஐந்தாவதாக ஒரு கோல் செய்வதற்கு முன் இந்த நான்கும் எங்கே வளைகின்றன என்று பார்த்துவிடுவது நல்லது.

முதல் வளைவு, இவற்றில் எதுவுமே வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலையில் அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கு மாதம் 11,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,64,000. அதில் சாப்பிடுகிறவர்கள் ஆறு பேர், தலைக்கு 44,000. பக்கத்துத் தெருவில் கணவன், மனைவி இரண்டே பேர், மாதம் 20,000 வருமானம். ஆண்டுக்கு 2,40,000, தலைக்கு 1,20,000. இரண்டரை லட்சக் கோட்டில் முதல் குடும்பம் வெளியே, இரண்டாவது உள்ளே.

அமெரிக்காவில் ஏழை வீடுகளின் மின்சார, எரிவாயு பில்லுக்கு உதவ 1981 முதல் ஒரு மத்தியத் திட்டம் நடக்கிறது. அங்கே மாநிலங்கள் தம் வரம்பைத் தாமே வைத்துக்கொள்ளலாம், ஆனால் மேலேயும் கீழேயும் கட்டு உண்டு. மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவில் 150 சதவீதம், அல்லது மாநில இடைநிலை வருமானத்தில் 60 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவே உச்சம். வறுமைக்கோட்டில் 110 சதவீதத்துக்குக் கீழே எந்த மாநிலமும் வரம்பை இறக்க முடியாது. முக்கியமாக, ஆள் எண்ணிக்கை கூடக்கூட வரம்பும் கூடும்; ஒரு ஆளுக்கு ஒரு தொகை, நாலு ஆளுக்கு வேறு தொகை என்று அட்டவணையே உண்டு. அந்த ஊர்க் குளிரும் கணப்பும் நமக்கு வேண்டாம், அட்டவணை மட்டும் போதும். எங்கள் யோசனை: நான்கு பேர் வரை 2,50,000, அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 50,000 கூட்டுங்கள். ஆறு பேர் குடும்பத்துக்கு 3,50,000 ஆகும். ஆள் எண்ணிக்கைக்குப் புதிதாக யாரும் வீடு வீடாகப் போக வேண்டியதில்லை, குடும்ப அட்டையில் இருக்கிறது.

இரண்டாவது வளைவுதான் பெரியது. மகளிர் உரிமைத் தொகைக்கு வருமானம், நிலத்தோடு மூன்றாவதாக ஒரு நிபந்தனை உண்டு: வீட்டு மின் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சம்பளத்தை மறைக்கலாம், மீட்டர் பொய் சொல்லாது என்ற எண்ணத்தில் வைத்தது. மீட்டர் பொய் சொல்லாதுதான். ஆனால் அது எத்தனை அடுப்புக்குச் சேர்த்து ஓடுகிறது என்பதையும் அது சொல்லாது.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரே வாசல், ஒரே மீட்டர், உள்ளே மூன்று அடுப்பு என்ற வீடுகள் ஏராளம். அப்பா அம்மா ஒரு அறை, கல்யாணமான மகன்கள் இருவர் பக்கத்துக்கு ஒன்று, குடும்ப அட்டை மூன்று. ஒவ்வொரு அடுப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் என்று கணக்கிடுங்கள். இரண்டு மின்விசிறி, நாலு விளக்கு, ஒரு டி.வி., ஒரு சின்ன பிரிட்ஜ் என்றால் அவ்வளவு வந்துவிடும். தனித்தனி மீட்டர் இருந்தால், 2024 ஜூலையில் மாற்றிய கட்டணப்படி முதல் 100 போக, அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய் வீதம் 235 ரூபாய். மூன்று வீட்டுக்கும் சேர்த்து 705. அதே 600 யூனிட் ஒரே மீட்டரில் ஓடினால், 500ஐத் தாண்டுவதால் அந்த 2.35 விலை கிடையாது; 101 முதல் 400 வரை 4.70 வீதம் 1,410. 401 முதல் 500 வரை 6.30 வீதம் 630. மிச்சம் 100 யூனிட் 8.40 வீதம் 840. மொத்தம் 2,880 ரூபாய். அதே விளக்கு, அதே விசிறி, பில் நாலு மடங்கு. ஆண்டுக்கு ஆறு முறை ரீடிங், 3,600 யூனிட். கோட்டின் மேலேயே நிற்கிறார்கள். வெயில் கூடி விசிறி கொஞ்சம் அதிகம் ஓடினால், கட்டணமும் கூடி, உதவியும் போகும்.

வாடகைக்கு இருப்பவர் நிலை இன்னும் மோசம். வீட்டுக்காரர் பெயரில் ஒரே இணைப்பு, உள்ளே சப் மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வசூலிக்கும் இடத்தில் 150 யூனிட் எரித்த குடித்தனக்காரர் 1,200 ரூபாய் தருகிறார். தனி இணைப்பு இருந்தால் அவர் கட்ட வேண்டியது 117 ரூபாய் 50 காசு. 100 யூனிட் சலுகை அரசின் கணக்கில் செலவாகிவிட்டது, அந்தக் குடும்பத்துக்கு வந்து சேரவில்லை. தனி இணைப்பு வாங்கலாம்தான். உரிமையாளர் ஒப்புதல் கடிதம் வேண்டும். அவர் மறுத்தால், குடியிருப்பதற்கான சான்றோடு, இழப்பு வந்தால் ஈடுசெய்வதாக ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக்கொடுத்து, காப்புத்தொகையை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு எத்தனை பேர் அதைச் செய்வார்கள்? குறைந்த வருமானம் என்று சான்று பெற்ற குடும்பத்துக்கு அந்த இரட்டிப்புத் தொகையைத் தள்ளுபடி செய்வதுகூடப் பல உதவித் திட்டங்களைவிடப் பயன்தரும்.

நோயாளி இருக்கும் வீடு இன்னொரு கணக்கு. நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரருக்கு வீட்டில் வைக்கும் 5 லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி சுமார் 350 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் 5 யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு 315 யூனிட். அந்த வீடு விளக்கே போடாமல் இருந்தாலும் ஆண்டு வரம்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. அரசு மருத்துவர் சான்று கொடுத்தால் அந்த யூனிட்டைக் கழித்துப் பார்க்கும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

ஆகவே யூனிட்டை ஒரு அடையாளமாக எடுத்துக்கொள்வதானால், இணைப்புக்கு என்று வேண்டாம், அந்த இணைப்பில் உள்ள குடும்ப அட்டைக்கு என்று வகுத்துப் பாருங்கள். இதற்கான தரவு உங்களிடமே இருக்கிறது. 2022 நவம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை மின் இணைப்போடு ஆதாரை இணைத்தீர்கள், ஆனால் ஒரு இணைப்புக்கு ஒரு ஆதார் என்பதால் கூட்டு மீட்டர் அதில் தெரியாது. மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பத்தில்தான் தெரியும். அதில் குடும்ப அட்டை எண்ணும் மின் இணைப்பு எண்ணும் சேர்ந்தே வாங்கப்பட்டன. ஒரே இணைப்பு எண் எந்தெந்த அட்டைகளில் திரும்பத் திரும்ப வருகிறது என்று பிரித்தெடுத்தால், மாவட்டத்தின் கூட்டு மீட்டர் பட்டியல் கிடைத்துவிடும்.

மூன்றாவது, கட்டணப் படிக்கட்டில் இருக்கும் பள்ளம். 500 யூனிட் வரை எரித்த வீட்டுக்கு 101 முதல் 200 வரை பாதி விலை, 2.35. ஒரு யூனிட் கூடி 501 ஆனால் அந்தப் பாதி விலை மொத்தமாகப் பறிபோகிறது. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501க்கு 2,048 ரூபாய் 40 காசு. கடைசி ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்க்கு மேல். இந்தப் பள்ளத்தில் ஏழைக் குடும்பம் விழுவது பெரும்பாலும் ஏ.சி. போட்டதால் அல்ல, ரீடிங் தள்ளிப்போனதால். நாளொன்றுக்கு 8 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு 60 நாளில் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், 1,679 ரூபாய். ரீடிங் எடுப்பவர் 65ஆவது நாள் வந்தால் 520 யூனிட், 2,208 ரூபாய். அடுத்த தடவை 55 நாளிலேயே வந்துவிட்டால் 440 யூனிட், 1,427. இரண்டு பில்லும் சேர்த்து 3,635. ஒழுங்காக 60, 60 என்று வந்திருந்தால் 3,358. ஒரு யூனிட்கூட அதிகம் எரிக்காமல் 277 ரூபாய் தண்டம். நாள் கணக்கில் கட்டணப் படியைச் சரிசெய்யும்படி பில்லிங் மென்பொருளில் ஒரு வரி மாற்றினால் போதும். எல்லை 60 நாளுக்கு 500 என்றால் 65 நாளுக்கு 541. இதற்கு வருமானச் சான்றும் வேண்டாம், புதுத் திட்டமும் வேண்டாம்.

உதவி வரம்பிலும் இதே பள்ளத்தை வெட்டிவிடாதீர்கள். 2,49,000க்கு முழு உதவி, 2,51,000க்கு ஒன்றுமில்லை என்றால் கூலி உயர்வுக்கு யார் ஆசைப்படுவார்கள்? கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரியைப் பாருங்கள். அங்கே 2023இல் அறிவித்த எரிவாயு மானியம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் சிவப்பு அட்டைக்கு 300 ரூபாய், மற்றவர்களின் மஞ்சள் அட்டைக்கு 150 என்று இரண்டு படியாக வைக்கப்பட்டது. அட்டையின் நிறம் சரியாகக் கொடுக்கப்பட்டதா என்பது தனிச் சண்டை. ஆனாலும் கோட்டைத் தாண்டியவருக்குப் பாதியாவது கிடைக்கிறது. கடலூரில் இருந்துகொண்டு ரெட்டிச்சாவடி தாண்டிப் பெண் கொடுத்தவர்கள் இந்த வித்தியாசத்தைத் தினமும் பேசுகிறார்கள்.

நம்மூர் அட்டையை அப்படியே எடுத்து வைத்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே முன்னுரிமைக் குடும்ப அட்டை, முன்னுரிமையற்ற அட்டை என்று ஸ்மார்ட் கார்டில் குறியீடு இருக்கிறது. இரண்டுக்கும் ரேஷன் அரிசி கிடைப்பதால், தன் அட்டையில் என்ன குறியீடு என்று பார்க்கிற பழக்கமே பலருக்கு இல்லை. கூலி வேலை செய்கிறவர் முன்னுரிமையற்ற பட்டியலில் கிடப்பார், கேட்டால்தான் தெரியும். பரம ஏழைகளுக்கான அந்தியோதயா அட்டையை மட்டும் நம்பலாம், அதை வைத்திருப்பவரிடம் வேறு சான்றே கேட்கக் கூடாது. முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவரிடமும் அப்படியே. ஒரு துறை ஏழை என்று ஏற்றவரை இன்னொரு துறை மறுபடி வரிசையில் நிறுத்துவது வீண் வேலை. அமெரிக்கத் திட்டத்திலும் உணவு உதவி போன்ற சிலவற்றைப் பெறுகிறவரை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் வழி மாநிலங்களுக்குத் திறந்திருக்கிறது.

வருமானச் சான்று பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இ-சேவை மையத்தில் கேன் என்ற பதிவு எண் எடுத்து, 60 ரூபாய் கட்டிப் பதிந்தால், வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், மண்டலத் துணை வட்டாட்சியர் என்று ஏறி இறங்கி வரும். கட்டணம் 60தான், போன கூலியையும் சேர்த்துப் பாருங்கள். இத்தனைக்கும் மாதச் சம்பளமில்லாத ஒருவரின் வருமானத்தை யாரும் அளந்து எழுதுவதில்லை. திட்டத்தின் வரம்பு எவ்வளவோ அதற்குச் சற்றுக் கீழே ஒரு தொகை சான்றில் ஏறுவது ஊரறிந்த ரகசியம். அலைச்சல் உண்மை, அளவு பொய். அதற்குப் பதில் சுய உறுதிமொழி வாங்கி, நூற்றுக்கு ஐந்து வீட்டை நேரில் சரிபார்த்தால், பொய் சொல்கிறவரும் பயப்படுவார், வி.ஏ.ஓ.வுக்கும் வேலை குறையும்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வருமானத்தைவிடப் பெயர்தான் அதிகம் காரணமாகிறது. மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில், ஆதாரில் தந்தை பெயர் தலைப்பெழுத்தாக, குடும்ப அட்டையில் முழுப் பெயராக. பெயர் மாற்றத்துக்குப் போனால் வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். பங்காளிச் சண்டை இருந்தால் அதோடு நின்றது. 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் புகுந்த வீடுகளில் பத்திரம் தேடச் சொல்வது வேறு. கட்டண உதவிக்கு இணைப்பு யார் பெயரில் என்று கேட்க வேண்டாம். அந்த முகவரியில் யார் வசிக்கிறார், கடைசி பில்லைக் கட்டியது யார் என்பது போதும்.

கடற்கரைக் குடும்பங்களுக்கென்று தனியாக ஒன்று. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஏறக்குறைய ஒரு மின் கட்டணச் சுற்று அது. வருமானம் நின்றுபோகும் அந்த 61 நாளில்தான் கத்திரி வெயிலும் வருகிறது, விசிறி இரவு பகல் ஓடுகிறது, ஆண்டிலேயே பெரிய பில்லும் வருகிறது. ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து அளக்கிற எந்தக் கோலுக்கும் இது தெரியாது. முந்திரிப் பருப்பு உடைக்கும் தொழிலாளருக்கும் கரும்பு வெட்டும் ஆளுக்கும் இப்படி ஒரு வெறுங்கை மாதம் உண்டு. விண்ணப்பித்த தேதிக்கு முந்தைய மூன்று மாத வருமானத்தையும் ஆண்டு வருமானத்தையும் கேட்டு, மாதச் சராசரியில் எது குறைவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். படகு வைத்திருப்பதையே வசதிக்கு அடையாளமாகக் காட்டவும் வேண்டாம். 2011 கணக்கெடுப்பில் பதிவு செய்த மோட்டார் படகோ, பிரிட்ஜோ, தரைவழித் தொலைபேசியோ இருந்தாலே பட்டியலுக்கு வெளியே என்று இருந்தது. கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் 2024இல் படகு, இருசக்கர வாகனம், பிரிட்ஜ், தொலைபேசி ஆகியவற்றை நீக்கிவிட்டு, மாத வருமான வரம்பையும் 15,000 ஆக்கினார்கள். கடன் வாங்கி எஞ்சின் மாட்டிய பைபர் படகை வைத்து ஒருவரைச் செல்வந்தர் ஆக்குவது இனியும் வேண்டாம்.

உதவியை எப்படிக் கொடுப்பது என்பதில் மின்சாரம் எரிவாயுவைவிட நல்ல இடத்தில் இருக்கிறது. சிலிண்டருக்கு முழு விலையைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு, மானியம் வங்கிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். உஜ்வலாவில் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் இருந்தும் மறு சிலிண்டர் வாங்கத் தயங்குவது, முன்பணம் இல்லாததால்தான். மின் கட்டணத்தில் பில்லிலேயே கழித்துவிடலாம். தயவுசெய்து இதை வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடாதீர்கள்.

இன்னொன்று, பில்லுக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை விசிறிக்குக் கொடுங்கள். பழைய விசிறி 75 வாட். இரண்டு விசிறி நாளுக்கு 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 126 யூனிட். மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை விசிறி 30 வாட் என்றால் 50 யூனிட். மிச்சம் 76 யூனிட், 4.70 படியில் ஒவ்வொரு பில்லிலும் 357 ரூபாய். 2011க்குப் பிறகு அரசே வீடு வீடாக விசிறி கொடுத்த மாநிலம் இது. வழி தெரியாதது அல்ல. அமெரிக்கத் திட்டத்திலும் நிதியில் 15 சதவீதம் வரை, தனி அனுமதியோடு 25 சதவீதம் வரை, வீட்டின் மின் விரயத்தைக் குறைக்கும் வேலைக்குச் செலவிடலாம்.

மாநிலம் முழுக்க வரம்பு அறிவிக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. கடலூர் முதுநகரில் ஒரு பிரிவு அலுவலகம், பண்ருட்டியில் ஒன்று. அந்த இரண்டிலும் இணைப்பு எண்ணோடு குடும்ப அட்டைகளைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு இணைப்பில் இரண்டுக்கு மேல் அட்டை எத்தனை, வாடகை சப் மீட்டர் எத்தனை, 60 நாளைத் தாண்டிய ரீடிங் எத்தனை என்று எண்ணி, அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தடைக்காலச் சுற்றின் பில் வருவதற்கு முன் இதை முடித்துவிட்டால், ஜூன் மாதப் பில்லிலேயே ஆள் கணக்கு வைத்துக் கழித்துப் பார்க்கலாம். படிவத்தைத் தமிழில் ஒரே பக்கமாக அமைத்துத் தரவும், சோதனை நடக்கும் நாட்களில் பிரிவு அலுவலக வாசலில் உட்கார்ந்து நிரப்பித் தரவும் நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கடலூர், பண்ருட்டி வட்டாரங்களில் விண்ணப்ப உதவி செய்யும் தன்னார்வலர்கள்